ஒரு மணி நேரப் பேச்சில் மன உறுதி வராது

போன வியாழக்கிழமை ஓசூர் சிப்காட்டில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் ஹெச்ஆர் அதிகாரி, மனநல மருத்துவரான எனக்குப் போன் செய்தார். "டாக்டர், லைன்ல ஒரு பொண்ணு மயங்கி விழுந்துட்டா. இந்த மாசத்துல இது மூணாவது. சனிக்கிழமை வந்து, எல்லாருக்கும் மன தைரியம் வர்ற மாதிரி ஒரு மணி நேரம் பேசிட்டுப் போங்க."

இந்த வருடம் இப்படி வந்த ஐந்தாவது அழைப்பு இது. முதல் நான்குக்கும் போனேன், பேசினேன். கைதட்டினார்கள், சால்வை போட்டார்கள். அடுத்த மாதம் அதே இடங்களிலிருந்து நோயாளிகள் வந்தார்கள்.

அன்று மாலையே பாலக்கோடு பக்கத்திலிருந்து 26 வயதுப் பையன் ஒருவன் அம்மாவுடன் வந்தான். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அம்மா ஜவுளிக்கடை மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ, தைராய்டு, ரத்தப் பரிசோதனைகள். எல்லாம் நார்மல். "ஒண்ணும் இல்ல, தைரியமா இருன்னு சொல்லி அனுப்பிட்டாங்க சார். ஒண்ணும் இல்லன்னா ஒரு வாய் களி ஏன் சார் இறங்க மாட்டேங்குது?" பையன் தலையைத் தூக்காமல் சொன்னான்: "மூச்சு உள்ள போகுது சார். ஆனா பத்தல."

நான் முதலில் கேட்டது தூக்கத்தைப் பற்றி. அவன் பதில் சொல்லாமல் போனைத் திருப்பிக் காட்டினான். ஷிப்ட் குரூப்பில் வந்த அட்டவணையின் போட்டோ. ஞாயிறு என்று இருந்த கட்டங்களில் எல்லாம் ஓ.டி., அதாவது ஓவர்டைம். 17 நாளாக ஒரு லீவு இல்லை. அந்த 17 நாளில் மூன்று ஷிப்டையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறான். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நைட் முடிகிறது, ஞாயிறு காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். அதற்குக் கம்பெனி பஸ் ஊருக்கு நாலு மணிக்கே வந்துவிடும். மூன்றே காலுக்கு எழ வேண்டும்.

முழு நாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. இது மனநல மருத்துவம் கண்டுபிடித்த புது விஷயம் இல்லை.

பையனுக்கு இருந்தது பேனிக் அட்டாக், திடீரென்று தாக்கும் கடும் பயம். சரியாகிவிடக் கூடியது. சரியாகிக்கொண்டும் இருக்கிறது. என்னை வருத்துவது அவனுடைய சூப்பர்வைசர் சொன்ன வார்த்தை: "உனக்கு மன உறுதி பத்தாதுடா. எங்கப்பா ரெண்டு ஏக்கர் கம்மங்காட்டுல நாள் பூரா உழைச்சாரு. அவருக்கு டிப்ரஷனா வந்துச்சு?"

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் இதைச் சொல்லாத ஆளே இல்லை. அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறேன். அப்பா கடுமையாக உழைத்தார், உண்மை. ஆனால் உச்சி வெயில் வந்ததும் ஏரை நிறுத்திவிட்டுப் புளியமரத்தடியில் படுத்தார். எப்போது நிறுத்துவது, எப்போது தண்ணீர் குடிப்பது, இன்றைக்குக் களை எடுப்பதா நாளைக்கா என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. உங்கள் லைனில் நிற்கும் பெண் பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவள் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். ரிலீவர் வரவில்லை என்றால் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன். வேலையின் சுமை அதிகம், தன் கையில் இருக்கும் முடிவு குறைவு என்ற இடத்தில்தான் மன அழுத்தம் கூடுகிறது என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதினார். அப்பாவுக்கும் மகனுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். தைரியத்தில் இல்லை. அப்புறம், அப்பாக்களுக்கு வரவில்லை என்பதும் தவறு. வந்தது. பேர் வைக்காமல் குடித்தார்கள், பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள், சிலரை இழந்தும் இருக்கிறோம்.

மன உறுதி ஒருவர் பிறக்கும்போதே கொண்டுவரும் சரக்கு இல்லை. தூக்கம், வார லீவு, மரியாதையாகப் பேசும் மேலாள், மனசு விட்டுப் பேச ஒரு ஆள், மாசக் கடைசியில் கைக்கு வரும் சம்பளம் ஆகியவற்றால் தினமும் நிரம்புவது. இதையெல்லாம் எடுத்துவிட்டு "உறுதியா இரு" என்றால் எங்கிருந்து வரும்? உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதலும் வேலையின் அமைப்பைச் சரிசெய்யவும், மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் சொல்கிறது.

எனவே ஷிப்ட் போடுகிறவர்களே, காலை, மதியம், இரவு என்று முன்னோக்கி மாற்றுங்கள். பின்னோக்கி மாற்றினால் உடம்பு திணறும். நைட் முடித்தவரை மறுநாள் காலைக்குக் கூப்பிடாதீர்கள். லைன் லீடர்களே, எல்லார் முன்னாலும் கத்தாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நேரத்துக்கு வந்தவர் தாமதமாக வருகிறார், சேர்ந்து சாப்பிட்டவர் தனியாக உட்காருகிறார், அவர் கையில் ரிஜெக்‌ஷன், அதாவது தரமில்லை என்று கழிக்கப்படும் பொருள், திடீரென்று கூடுகிறது என்றால் மெமோ கொடுக்கும் முன் "ராத்திரி தூக்கம் வருதாப்பா?" என்று கேளுங்கள்.

"சாகலாம்போல இருக்கு" என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். அப்படி ஒரு எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தனியாக விடாதீர்கள். 14416 அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு.

லைனில் மயங்கி விழும் பெண்ணைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். "நடிக்கிறா" என்று சொல்லாதீர்கள், அது அவள் காதில் விழுகிறது. முதலில் டாக்டர் பார்த்து, சர்க்கரை, ரத்தசோகை, வலிப்பு இல்லை என்று உறுதி செய்யட்டும். விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பதே, "சீட்டுல மனநலம்னு போடாதீங்க சார், கல்யாணம் நின்னுடும்" என்பதுதான். அந்தப் பயம் இருக்கும்போது ஹெச்ஆர் அதிகாரிகள் எனக்குப் போன் செய்து "அவளுக்கு என்ன பிரச்சினை?" என்று விசாரிக்கிறார்கள். சொல்ல மாட்டேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த ரகசியத்தைக் காப்பது என் கடமை.

வேலை செய்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பத்து நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள், பழக்கமாவது அதுதான். நைட் முடித்து வந்து குவார்ட்டர் போட்டால் கண் சொருகும், ஆனால் தூக்கம் பாதியில் உடையும். ஜன்னலில் கெட்டித் துணி கட்டுங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) அட்டை இருந்தால் பயன்படுத்துங்கள். தகுதி உள்ளவர்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். காய்ச்சலுக்கு லீவு கேட்பதுபோல இதற்கும் கேட்கலாம்.

அந்த அதிகாரிக்கு நேற்றுப் பதில் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன். ஆனால் லைனில் நிற்கும் பெண்களைக் கூட்டி உட்கார வைக்க வேண்டாம், அவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். லைன் லீடர்களும் ஷிப்ட் இன்சார்ஜ்களும் மட்டும் வரட்டும். கடைசி மூன்று மாத ஷிப்ட் அட்டவணையை எடுத்து வையுங்கள், அதை முதலில் பார்ப்போம் என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "சரி டாக்டர், எடுத்து வைக்கிறேன்" என்றார்.