எடிட்டிங்னா வெட்டுறதா, தொகுக்குறதா?

புதுசா வீடியோ எடிட்டிங் கத்துக்கலாம்னு கேப்கட்டோ டாவின்சி ரிசால்வோ எறக்கி வச்சவங்க மொதல்ல தேடுறது வெட்டுற பட்டன் எங்க இருக்குன்னுதான். ஆனா எடிட்ங்கிற சொல்லுக்குள்ள வெட்டே கிடையாது. மூலம் லத்தீன் எடேரே, வெளிய கொடுன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல 17ஆம் நூற்றாண்டுல எடிட்டர்னா புத்தகம் வெளியிடுறவர், எடிட்ங்கிற வினையே 18ஆம் நூற்றாண்டு கடைசிலதான் வருது. வெட்டு ஒட்டிக்கிட்டது சினிமாவால, 35 எம்எம் பிலிம்ல ஒரு நிமிஷப் படம்னா 90 அடி, அதை மூவியோலாங்கிற பிலிம் பாக்குற மெஷின்ல ஓட்டிப் பாத்து நெஜமாவே வெட்டி டேப் போட்டு ஒட்டுனாங்க.

தமிழ்ல இதுக்கு மூணு சொல் சுத்துது. போன் மெனுல திருத்து, புத்தகத்துக்கு பதிப்பு, சினிமா டைட்டில்ல படத்தொகுப்பு. விக்கிப்பீடியால எடிட் பட்டனும் தொகுதான். என் ஓட்டு தொகுக்குத்தான், திருத்துன்னா ஏதோ தப்பு இருக்குன்னு ஆகிடுது.

தொகு ரொம்பப் பழைய சொல். அகநானூறைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. அதாவது எடிட்டர் ஒருத்தர், புரொடியூசர் ஒருத்தர், காசு போட்டவர் பேர் அப்பவே டைட்டில்ல வந்துடுச்சு! பாட்டு எழுதுனது வேற வேற புலவர்கள், எதை எடுக்கணும் எதுக்கப்புறம் எது வரணும்ங்கிறதுதான் தொகுத்தவர் வேலை, டைம்லைன்ல, அதாவது சாஃப்ட்வேர்ல கீழ இருக்குற வரிசைப் பட்டைல, கிளிப்பை அடுக்குறப்ப நாம செய்யுறதும் அதேதான்.

தொகுல இருந்து வர்ற தொகைக்கு இலக்கணத்துல இன்னொரு அர்த்தம் இருக்கு, நடுவுல ஒண்ணு மறைஞ்சு நிக்குறது, எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். பால் குடித்தான்னா வேற்றுமைத்தொகை, நடுவுல ஐங்கிற உருபு மறைஞ்சிருக்கு, ஆனா கேக்குறவனுக்கு பாலைக் குடித்தான்னு தானா புரிஞ்சிடும். ஒருத்தன் வீட்டுக் கதவைத் திறக்குறான், அடுத்த ஷாட்ல பஸ்ல ஜன்னலோரமா உக்காந்திருக்கான், நடுவுல தெருவுல நடந்தது ஸ்டாப்ல நின்னது எதையும் காட்டல, ஆனாலும் புரியுதுல்ல? அங்க உருபு தொக்கி நிக்குது, இங்க காட்சி தொக்கி நிக்குது. எதை மறைச்சா பாக்குறவன் தானா நிரப்பிக்குவான்ங்கிறதுதான் கத்துக்க வேண்டியதே, டிரான்சிஷன் எஃபெக்ட் எல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம்.

இன்னொன்னு, சாஃப்ட்வேர்ல நீங்க எவ்ளோ வெட்டுனாலும் ஒரிஜினல் ஃபைல் ஒரு ஃபிரேம் கூட குறையாது. இந்த கிளிப்ல இங்கேர்ந்து இங்க வரைக்கும் எடுன்னு புராஜெக்ட் ஃபைல் ஒரு குறிப்பு மட்டும் வச்சுக்கும், அவ்வளவுதான். அதனாலதான் எடம் பத்தலன்னு ஒரிஜினலை அழிச்சா டைம்லைன்ல மீடியா ஆஃப்லைன்னு சிவப்பா வந்து நிக்குது, எக்ஸ்போர்ட் முடியுற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க.

மத்த சொல்லுல ஸ்பிளிட்டை வெட்டு, ட்ரிம்மை நறுக்குன்னு தாராளமா சொல்லலாம். அடுக்குனதையெல்லாம் ஒரே வீடியோவா ஆக்குற ரெண்டருக்கு மனசுக்கு ஒட்டுற தமிழ்ச்சொல் எதையும் நான் இன்னும் பாக்கல, அது ரெண்டராவே இருக்கட்டும்.