கீரைச் சாறு குடிக்கும் முன் ஒரு வார்த்தை

மறுபடியும் ஒருவர் வந்துவிட்டார். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்கிறார். துருவிக் கேட்டால், பல மாதங்களாகத் தினமும் காலையில் ஒரு பெரிய டம்ளர் பச்சைப் பாலக்கீரைச் சாறு! "இயற்கையானதுதானே டாக்டர்?" என்கிறார். பாலக்கீரையில் ஆக்சலேட் என்ற உப்பு மிக அதிகம். அளவு மீறினால் அது சிறுநீரகத்தில் படிகமாகப் படியும்.

இதற்கு நேரெதிராகவும் சிலர் வருகிறார்கள். இன்றைய காய்கனிகள் எல்லாம் மனிதன் மாற்றியவை, உடம்புக்கு ஆகாது என்று மொத்தமாக நிறுத்திவிட்டு, மலச்சிக்கலோடு வந்து உட்காருகிறார்கள்.

மாற்றியது உண்மைதான். மாற்றியதால்தான் சாப்பிட முடிகிறது. காட்டு வாழைப்பழத்தில் கடினமான விதைகள் நிறைந்திருக்கும். காட்டுப் பாதாம் கசக்கும், மென்றால் சயனைடு வெளிப்படும். கசப்பில்லாத மரங்களைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததால் வந்ததுதான் நாம் கொறிக்கும் பாதாம். மக்காச்சோளத்தின் மூதாதையான தியோசிண்டே வெறும் புல். அதன் கதிரில் கல் போன்ற ஓட்டுக்குள் சில மணிகள்தான் இருக்கும். மெக்சிகோ விவசாயிகள் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே அதை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி மூன்றும் ஒரே இனச் செடி.

காட்டுத்தன்மை கூடினால் நல்லது என்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் காட்டு இனத்தோடு கலந்து உருவாக்கிய லெனாப்பே உருளைக்கிழங்கை 1967-ல் வெளியிட்டார்கள். நச்சு மிகுந்திருந்ததால் 1970-லேயே திரும்பப் பெற்றார்கள்.

ஆகவே எந்தச் செடி, எந்தப் பாகம், எப்படிச் சமைத்தது, எவ்வளவு, யாருக்கு என்று கேளுங்கள். மற்ற விவாதம் எனக்கு வேண்டாம்.

ராஜ்மாவை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுங்கள். புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும், அப்புறம் வேகும்வரை விடுங்கள். குறைந்த சூட்டில் மட்டும் வேகவைத்தால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் அழியாது, வாந்திதான். பச்சை படர்ந்த உருளைக்கிழங்கு வேண்டாம், கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு போகாது. சுரைக்காயோ வெள்ளரியோ வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் துப்பிவிடுங்கள். உடம்புக்கு நல்லது என்று விழுங்காதீர்கள்! பாலக்கீரையை வேகவைத்து நீரை வடித்துச் சாப்பிடலாம்.

சிறுநீரகம் பழுதானவர்கள் நட்சத்திரப் பழத்தை ஒரு துண்டுகூடத் தொடாதீர்கள். விக்கலில் தொடங்கி, மனக்குழப்பம், வலிப்பு வரை போகும், உயிரும் போயிருக்கிறது.

மற்றவர்கள் தயவுசெய்து காய்கனிகளை நிறுத்தாதீர்கள். நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுநீரகக் கல் வந்தவர்கள், உடல் எடைக்காகக் குடல் அறுவை செய்துகொண்டவர்கள் எந்தச் சாறு குடித்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரைப் பட்டியலோடு அதையும் எழுதிக் கொண்டுவாருங்கள்.