சால்வேஜ் ரேடியோதெரபி: மீட்புக் கதிர்வீச்சு

முன்னிற்கும் சுரப்பியை (புரொஸ்டேட்) அறுவைச் சிகிச்சையில் முழுதாக எடுத்த பிறகும் புற்றுநோய் தலைகாட்டினால், சுரப்பி இருந்த படுகைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு இது.

சால்வேஜ், கப்பல்காரர் சொல். 'காப்பாற்று' எனப் பொருள்படும் இலத்தீன் 'சல்வாரே' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஆபத்தில் சிக்கிய கப்பலை மீட்டவருக்கான கூலியை முதலில் குறித்தது. பிறகு மீட்கும் வேலைக்கே பெயரானது. திருகோணமலையில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு இரையான 'சகாயிங்' கப்பலை இலங்கைக் கடற்படை 2018இல் துறைமுக அடியிலிருந்து கிளப்பியது.

ஆனால் இந்தக் கப்பல் உவமை ஏமாற்றும். கப்பல் 75 வருடம் காத்திருக்கும், நோய் காத்திராது. 'மீட்பு' என்றால் நம்மவருக்கு முதலில் நினைவு வருவது அடகு நகை. அதுவே பொருத்தம்: பிந்தினால் நகை ஏலத்துக்குப் போய்விடும். ஆகவே சிலர் எழுதும் 'கடைசி முயற்சிச் சிகிச்சை' பிழை. குணமாக்கும் நோக்குடன் செய்வது இது.

சுரப்பி போன பின் இரத்தத்தில் பிஎஸ்ஏ (புரொஸ்டேட் கலங்கள் சுரக்கும் புரதம்) அளவிட முடியாதபடி குறைந்திருக்க வேண்டும். மில்லிலீற்றருக்கு 0.2 நனோகிராமைத் தொட்டு, மறுசோதனையிலும் அப்படியே இருந்தால் நோய் திரும்பியதாகக் கொள்வர். 0.5ஐத் தாண்டுமுன் தொடங்குவதே நல்லது. ஸ்கானில் கட்டி தெரியட்டும் என்று காத்திருப்பதுதான் பலரும் விடும் தவறு. இவ்வளவு குறைந்த அளவில் பெரும்பாலும் எதுவும் தெரியாது.

வழக்கமான அளவு 64 முதல் 66 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) வரை. நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஆறரை வாரம். மகரகம புற்றுநோய் மருத்துவமனையில் எடுப்பவர் தங்குமிடத்தை முதலே பார்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு ஹோர்மோன் ஊசியும் சேரும். ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப்பை நிறைந்து, மலக்குடல் வெறுமையாக இருக்க வேண்டும். வாயு நிரம்பிய மலக்குடல் படுகையை முன்னே தள்ளும். கதிர் குறி தவறும். நிறைந்த பை சிறுகுடலை விலக்கி வைக்கும். அடிக்கடி சிறுநீர், வயிற்றோட்டம் சில வாரங்களில் அடங்கும். மாதங்கள் கழித்து மலத்தில் இரத்தம் கண்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

'கதிரியக்கச் சிகிச்சை' என்ற பெயர் இங்கே பொருந்தாது. கதிரியக்கம் என்றால் ஒரு பொருள் தானாகக் கதிர் வீசுவது. இயந்திரம் வெளியிலிருந்து பாய்ச்சும் எக்ஸ் கதிர் உடலில் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளையைத் தூக்கலாம்.