காலர் இல்லாத ஜூம் லென்ஸை ட்ரைபாடில் ஏற்றுவதற்கு முன்

பறவைப் பருவம் முடியும் நேரத்தில், வேடந்தாங்கல் போய்வந்த அன்பர் ஒருவர் தம் கேமராவையும் 70-300 ஜூம் லென்ஸையும் என் பழுதுமேசைக்குக் கொண்டுவந்தார். படத்தின் வலப்பக்கம் கூர்மையாகவும் இடப்பக்கம் மங்கலாகவும் விழுவதாகவும், லென்ஸுக்குள் ஏதோ கோளாறு என்றும் சொன்னார். லென்ஸின் முன்முனையை இரண்டு விரலால் லேசாக அழுத்தியபோது, கேமராவில் லென்ஸ் மாட்டும் மவுண்ட் வளையம் ஒரு தாள் நுழையும் அளவுக்கு விலகியது. வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். திருகுகள் கடித்திருந்த பிளாஸ்டிக் பகுதியில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. கேமராவை ட்ரைபாடிலேயே வைத்து, அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு ஏரிக்கரை முழுவதும் நடந்ததாக அவர் பிறகுதான் சொன்னார்.

லென்ஸின் உடலைச் சுற்றிப் பிடித்து, கீழே ட்ரைபாடில் பொருந்தும் பாதத்தோடு இருக்கும் வளையத்தைத்தான் ட்ரைபாட் காலர் என்கிறோம். பெரிய லென்ஸ்களோடு அது சேர்ந்தே வரும்; நடுத்தர எடையுள்ளவற்றில் பெரும்பாலும் வருவதில்லை. கேனனின் பழைய 70-200 எஃப்4 லென்ஸ் 705 கிராம், நிக்கானின் 70-200 எஃப்4 லென்ஸ் 850 கிராம். இரண்டுக்குமே காலரைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். 70-300 வகை லென்ஸ்கள் பலவற்றிலோ காலரைப் பொருத்தவே இடம் கிடையாது.

காலர் இல்லாதபோது கேமராவின் அடியிலுள்ள கால் அங்குலத் திருகு ஒன்றுதான் முழுச் சுமையையும் ஏற்கிறது. 850 கிராம் லென்ஸின் எடைமையம் அந்தத் திருகிலிருந்து ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாகக் கொண்டால், திருப்புவிசை 11 கிலோ-சென்டிமீட்டரை எட்டுகிறது. கேமராவின் அடித்தட்டு திருகுக்கு முன்னால் 2 சென்டிமீட்டர் அளவுக்குத்தான், கேமராவை ட்ரைபாடோடு இணைக்கும் பிளேட்டின் மீது ஊன்றி நிற்கிறது என்பதால், திருகின் மரையை மேல்நோக்கி இழுக்கும் விசை சுமார் 4 கிலோவை எட்டிவிடும். லென்ஸ் ஒரு கிலோகூட இல்லையே என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன்.

அதற்காக, ட்ரைபாடில் ஏற்றியவுடனே மவுண்ட் பிய்ந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். அசையாமல் நிற்கும் கேமராவில் இந்த எடைகளை உலோக மவுண்ட் எளிதாகத் தாங்கும். அங்கே கெடுவது பெரும்பாலும் படம்தான். கேமராவைத் தாங்கும் ட்ரைபாடின் உருண்டைத் தலையான பால் ஹெட்டை இறுக்கிக் கையை எடுத்ததும் லென்ஸின் மூக்கு மெல்லக் கீழிறங்குவதை நிலவைப் படமெடுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மில்லிமீட்டர் குவியத்தூரத்துக்கு, படத்தின் அகலம் மொத்தமே சுமார் நாலரை பாகை. நிலவின் அகலமோ அரை பாகை. ஹெட் அரை பாகை தொய்ந்தால் நிலவு தன் முழு அகலத்துக்கு இடம்பெயர்ந்துவிடும். முன்பாரம் மிகுந்த அமைப்பில் காற்றின் நடுக்கமும், ஷட்டர் பொத்தானை அழுத்தும் விரலின் நடுக்கமும் அடங்க நேரமாகும் என்பதால், இரண்டு வினாடி டைமர் வைத்து எடுப்பது நல்லது.

கேமராவை நெட்டாகத் திருப்பும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. கைப்பிடி மேலே வரும்படி திருப்பினால், லென்ஸின் பாரம் கேமராவைத் திருகு தளரும் திசையில் சுழற்றும். கைப்பிடி கீழே வரும்படி திருப்பினால் அதே பாரம் திருகை இறுக்கும். நம்மில் பெரும்பாலோர் பழக்கத்தால் முதல் வகையில்தான் திருப்புகிறோம். கேமராவின் முதுகை அணைத்து நிற்கும் விளிம்புள்ள பிளேட்டாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

காலர் பொருந்தும் லென்ஸாக இருந்தால் வாங்கிவிடுங்கள். வேறு நிறுவனம் செய்ததானாலும் விட்டம் சரியாக இருந்தால் போதும். ஆனால் ஜூம் வளையத்தின் மீதோ மெல்லிய பிளாஸ்டிக் உடலின் மீதோ எந்த வளையத்தையும் மாட்டி இறுக்காதீர்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கிளிப்பை ரப்பர் சுற்றி மாட்டிக்கொண்டு வந்த ஒருவரின் லென்ஸில் ஜூம் பாதியிலேயே சிக்கிக்கொண்டது. காலருக்கு வழியே இல்லாதவர்கள் நீளமான பிளேட்டின் பின்முனையில் கேமராவைப் பொருத்தி, லென்ஸுக்கு அடியிலுள்ள பகுதியை ஹெட்டில் கவ்வவைத்தால் ஹெட் தொய்வது வெகுவாகக் குறையும். கேமராவின் மரையில் விழும் இழுவை மட்டும் அதனால் குறையாது என்பதையும், லென்ஸின் அடியைத் தாங்கும் கிளை ஒன்று பிளேட்டின் முன்பகுதியில் இருந்தால்தான் அதுவும் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இடம் மாறும்போது, பத்தடி தூரமானாலும், கேமராவைக் கழற்றி லென்ஸைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடப்பதே முறை. வேடந்தாங்கல் அன்பரின் லென்ஸில் காலருக்கு இடமில்லை. கேமராவின் முன்சட்டத்தை மாற்றிக் கொடுத்தபோது, பழைய துணிப்பை ஒன்றில் இரண்டு கிலோ அரிசியைக் கொட்டி வாயைத் தைத்து, அடுத்த முறை மதில்மேல் வைத்து லென்ஸை அதன்மேல் கிடத்தி எடுக்கச் சொல்லி அனுப்பினேன்.