டியூபரைசேஷன்: கிழங்கு பிடித்தலும் திரளுதலும்

உருளைக்கிழங்கின் வளர்ச்சி பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ‘டியூபரைசேஷன்’ என்ற சொல் அடிக்கடி வரும். மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனியோ வேரின் ஒரு பகுதியோ நீளுவதை விட்டுப் பருக்கத் தொடங்கி, மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டு கிழங்காக மாறுவதே அதன் பொருள்.

அடிச்சொல் லத்தீன். ‘டூபெர்’ என்றால் புடைப்பு, கட்டி. வீங்குதலைக் குறிக்கும் வினைக்கு உறவான சொல் இது. ‘டியூமர்’ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சிறு கட்டி ‘டூபெர்குலும்’. காசநோயில் நுரையீரலில் தோன்றும் சிறு முடிச்சுகளைப் பார்த்து அந்த நோய்க்கு ‘டியூபர்குலோசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ரோமானியர்கள் மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் காளானையும் டூபெர் என்றே அழைத்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவிலிருந்து உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்தபோது, அது ட்ரஃபிளைப் போல இருப்பதாக இத்தாலியர்களுக்குத் தோன்றியது. அவர்கள் வைத்த பெயர் திரிந்து ஜெர்மன் மொழியில் ‘கார்ட்டோஃபெல்’ ஆனது. நம் பூக்கடைகளில் ‘டியூப் ரோஸ்’ என்று சொல்லப்படும் நிலச்சம்பங்கிக்கும் ரோஜாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘டூபெரோசா’, அதாவது கிழங்குள்ள செடி என்ற பெயரைப் பிழையாகப் பிரித்ததால் வந்த ரோஜா அது.

டூபெரை நிகழ்வுச் சொல்லாக்கிப் பேசிய முன்னோடிகளில் ஒருவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார். ஆர்க்கிட் விதை முளைக்கப் பூஞ்சையின் துணை வேண்டும் என்று 1899-இல் கண்டறிந்தவர் அவர். அந்த உற்சாகத்தில், கிழங்கு உண்டாவதற்கும் பூஞ்சைதான் காரணம் என்று கருதினார். அது நிலைக்கவில்லை. 1956-இல் கிரிகரி என்ற ஆய்வாளர், பகல் குறுகிய சூழலில் வளர்ந்த உருளைச் செடியின் பகுதிகளை, அத்தகைய சூழலைக் காணாத செடிகளில் ஒட்டுக்கட்டினார். அவற்றிலும் கிழங்கு உண்டாயிற்று. கிழங்கு உண்டாகச் சொல்லும் கட்டளை இலையிலிருந்து இறங்கி வருகிறது என்பதற்கு அது வலுவான சான்று. அந்தக் கட்டளையைச் சுமந்து வரும் புரதத்தை 2011-இல் வெளியான ஆய்வு அடையாளம் காட்டியது. செடிகளைப் பூக்கச் செய்யும் புரதத்தின் நெருங்கிய உறவு அது.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘கிழங்காக்கம்’ என்று ஒரு நொடியில் வார்த்துவிடலாம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ‘ஆக்கம்’ என்றதும் யாரோ ஒருவர் செய்கிறார் என்ற தொனி வந்துவிடுகிறது. இங்கே நடப்பது தன்வினை. தவிர, வயலில் ஏற்கெனவே நல்ல சொல் புழங்குகிறது. ‘கிழங்கு பிடிக்கும் பருவத்தில் தண்ணீர் குறையக் கூடாது’ என்று விவசாயி சொல்கிறார். பூ பிடிக்கிறது, பிஞ்சு பிடிக்கிறது, கதிர் பால் பிடிக்கிறது என்பவற்றோடு சேர்ந்த வினை. பூவுக்கும் கிழங்குக்கும் ஒரே வினை அமைந்ததும், இரண்டுக்கும் உறவுள்ள புரதங்கள் அமைந்ததும் தற்செயல்தான். ஆனாலும் மகிழ்ச்சி தரும் தற்செயல்.

பிடித்த கிழங்கு பருத்துக் கனப்பதை ஆங்கிலத்தில் ‘பல்க்கிங்’ என்கிறார்கள். அதற்குத் ‘திரளுதல்’ இருக்கிறது. மஞ்சள் சாகுபடிக் குறிப்புகளில் ‘கிழங்குத் திரட்சி’ என்று படித்திருப்பீர்கள். ஆக, தொடக்கத்துக்குக் கிழங்கு பிடித்தல், பருமனாவதற்குத் திரளுதல். ஆய்வாளர்களும் இந்த இரண்டையும் பிரித்தே அளக்கிறார்கள். உருளைச் செடியில் மெல்லிய வெண்ணிற நிலத்தடிக் கிளையின் நுனி முதலில் கொக்கிபோல் வளைந்திருக்கும். அந்த நுனி கிளையின் தடிமனைப் போல இரு மடங்கு பருத்துவிட்டால் கிழங்கு பிடித்துவிட்டது என்று கணக்கில் கொள்வது வழக்கம்.

பெயர்ச்சொல்லில் நாம் அவ்வளவு கறாரானவர்கள் இல்லை. தாவரவியலின் கண்டிப்பான வரையறையில் டியூபர் என்பது தண்டு. உருளையில் உள்ள ‘கண்கள்’ அந்தத் தண்டின் கணுக்கள். சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் பருத்த வேர்கள். சேனை, மஞ்சள் எல்லாம் வேறு வகைத் தண்டுகள். தமிழுக்கு எல்லாமே கிழங்கு. முளைவிட்ட பனங்கொட்டை மண்ணுக்குள் இறக்கும் பருத்த இளமுளையைக்கூடப் பனங்கிழங்கு என்றுதான் தின்கிறோம். சமையலறையில் இதனால் குறை ஒன்றும் இல்லை. பாடநூலில் மட்டும் ‘தண்டுக்கிழங்கு’, ‘வேர்க்கிழங்கு’ என்று பிரித்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதுதான் ஆய்வாளருக்குத் தலைவலி. தோண்டிப் பார்த்தால் செடி போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதைதான். சர்க்கரைவள்ளி விவசாயி, செடி நட்ட மண்மேடான பாரில் விழும் வெடிப்பைப் பார்த்தே உள்ளே கிழங்கு பருப்பதை ஊகிக்கிறார். அதே வெடிப்பு வழியாகத்தான் கூன்வண்டும் கிழங்கை எட்டுகிறது. எனவே வெடிப்பைப் பார்த்த கையோடு மண் அணைக்க வேண்டும்.

ஆய்வகங்களில், கண்ணாடிச் சுவர் வைத்த ‘ரைசோட்ரான்’ என்ற அமைப்பு உண்டு. ‘ரைசா’ கிரேக்கத்தில் வேர். ‘வேர்காண் கூடம்’ என்று சொல்லலாம். மெல்லிய வேர்களுக்கு அது சரி. கிழங்கு கண்ணாடியை ஒட்டி வளர்ந்தால்தான் தெரியும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். தொட்டிச் செடியை அப்படியே சி.டி. ஸ்கேன் கருவியில் வைத்து, அதே கிழங்கின் பருமனை மீண்டும் மீண்டும் அளக்கிறார்கள். வயலில் மரவள்ளிக்கு, நிலத்தை ஊடுருவும் ரேடாரைச் சோதித்திருக்கிறார்கள். கிழங்குக்கும் மண்ணுக்கும் உள்ள ஈர வேறுபாட்டால் அலை எதிரொலிக்கிறது. களிமண் ஈரமாக இருந்தால் அலை ஆழம் போகாமல் மடிந்துவிடும். இந்தக் கருவிகளுக்கெல்லாம் திரட்சி பிடிபடுகிறது. கிழங்கு பிடிக்கும் அந்த முதல் நாட்களில், சில மில்லிமீட்டர் நுனியை ஈரமண்ணிலிருந்து பிரித்தறிவதுதான் கடினமாக இருக்கிறது.