தல்வார்: கூர் எந்தப் பக்கம்?

இந்தியில் 'தல்வார்' என்றால் பொதுவாக வாள். நேரான வாளையும் அப்படிச் சொல்வார்கள். அருங்காட்சியகத்தாரும் பழம்பொருள் சேகரிப்பவர்களும்தான் அந்தப் பெயரைச் சுருக்கி, முகலாயர் காலத்தில் பரவிய, ஒருபக்கக் கூருள்ள வளைந்த வாளுக்கு உரியதாக்கினார்கள். மூலம் வடமொழியின் 'தரவாரி'. இந்தியில் ரகரம் லகரமாகிவிட்டது. வங்கமொழியின் 'தரோபாரி' ரகரத்தை இன்னும் விடவில்லை.

தல்வாரை அடையாளம் காண வளைவை மட்டும் நம்பக் கூடாது. பாரசீகத்து ஷம்ஷீரும் வளைந்ததுதான், பெரும்பாலும் இதைவிட அதிகமாகவே வளைந்திருக்கும். கைப்பிடியைப் பாருங்கள். அதன் அடியில் சிறு தட்டு ஒன்று இருக்கும். கையை நீட்டிக் குத்தப் போனால் அந்தத் தட்டு மணிக்கட்டில் முட்டும். ஆகவே தோளிலிருந்து வீசி, இழுத்து வெட்டுவதே இந்த வாளுக்கு வாட்டம். வளைந்த விளிம்பு பட்ட இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே அறுக்கும். பல வாள்களில் பிடியை ஒட்டி அலகின் (வெட்டும் தகட்டின்) சிறு பகுதியைக் கூர் தீட்டாமல் விட்டிருப்பார்கள். ஆட்காட்டி விரலை, பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் குறுக்குக் காப்புக்கு மேலே மடித்துப் பிடிக்கத்தான் அந்த இடம். அலகின் வாலைப் பிடிக்குள் செருகிப் பிசினால் ஒட்டுவதே வழக்கம். சூடாக்கினால் கழன்றுவிடும் என்பதால் பழைய அலகுக்குப் புதுப் பிடி, பாரசீக அலகுக்கு இந்தியப் பிடி என்று மாற்றிப் பொருத்தியவையும் உண்டு. பெயர் சூட்டுவதில் தகராறு வருவது அங்கேதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வாள்' என்பதற்கே ஒளி என்று பொருள். 'வாள் ஒளி ஆகும்' என்கிறது தொல்காப்பியம். 'கொடு' என்றால் வளைந்த. வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர் வந்தது அதனால்தான். அப்படியானால் 'கொடுவாள்' கச்சிதம் என்று தோன்றும். ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் மரம் வெட்டும் கத்திதான் நினைவுக்கு வருகிறது. அரிவாளோ இன்னும் தூரம்: அதற்குக் கூர் வளைவின் உட்புறத்தில், தல்வாருக்கு வெளிப்புறத்தில். சிலர் எழுதும் 'சுருள்வாள்' முற்றிலும் வேறு. அது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு மெல்லிய தகடு.

என் தேர்வு 'வளைவாள்'. ஷம்ஷீரையும் அது அடக்கும், அதில் தவறில்லை. தட்டு வைத்த அந்தப் பிடியைத் தனியே குறிக்க வேண்டிய இடத்தில் 'தல்வார்' என்றே எழுதுவேன்.