கோம்பை நாயும் கண்வலிக்கிழங்கும்

உசிலம்பட்டிப் பக்கம் ஆட்டுக்கிடை போடும் கீதாரி ஒருவர் கேட்டார்: "எங்க கோம்பை நாய் ஒவ்வொரு ஈத்துக்கும் ரெண்டு குட்டிதான் போடுது. கண்ணேறுங்கிறாங்க, ஓநாய்க் கலப்புங்கிறாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரியுமாய்யா?"

ரத்தச் செல்லுக்குள் இருக்கும் மரபிழைகளான குரோமோசோம்களை எண்ணி ஓநாய்க் கலப்பைக் கண்டுபிடிக்க முடியாது. நாய், ஓநாய், நம் காட்டு நரி எல்லாவற்றுக்கும் 78தான். ஆனால் குட்டி குறைவதற்கு ஒரு காரணம் அங்கே ஒளிந்திருக்கலாம்.

முன்னங்காலில் சில மில்லி ரத்தம் எடுத்து, வெள்ளையணுக்களை மூன்று நாள் வளர்க்க வேண்டும். அவற்றைப் பிரியத் தூண்டுவது ராஜ்மா பயறிலிருந்து எடுத்த ஒரு புரதம். செல் பிரியும் சிறுபொழுதில்தான் குரோமோசோம்கள் சுருண்டு தடித்துக் கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் செல்லை நிறுத்திப் பிடிக்க வேண்டும்.

பிடித்துத் தருவது நம் மாநில மலர்! செங்காந்தள், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகளுக்குக் கண்வலிக்கிழங்கு. விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். அதிலிருக்கும் நஞ்சு கோல்ச்சிசின். பிரியும் செல்லுக்குள் இரு பக்கமும் நுண்கயிறுகள் நின்று குரோமோசோம்களை இழுக்கும். டியூபுலின் என்ற புரதத்துண்டுகளை நார்போலச் சேர்த்துச் சேர்த்துத் திரித்த கயிறுகள் அவை. ஒரு பக்கம் திரிந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் பிரிந்துகொண்டே இருக்கும். கோல்ச்சிசின் டியூபுலினில் ஒட்டி அதைக் கோணலாக்கிவிடுகிறது. கோணல் துண்டு நுனியில் ஏறினால் அடுத்தது சேராது. திரிப்பது நின்றாலும் பிரிவது நிற்பதில்லை, கயிறே கரைந்துபோகிறது. இழுக்க ஆளில்லாமல் 78 குரோமோசோம்களும் நடுவில் அப்படியே நிற்கின்றன. இந்தக் கிழங்கைத் தின்றவர்களின் குடலும் எலும்பு மஜ்ஜையும் சிதைவதும் இதே வேலையால்தான். அங்கேதான் செல்கள் ஓயாமல் பிரிகின்றன.

பிறகு உப்பு குறைந்த நீரில் செல்லை உப்பவைத்து, கண்ணாடியில் சொட்டி, சாயம் ஏற்றினால் போதும். இந்த உப்பவைக்கும் உத்தி வந்த பிறகுதான், 1956இல், மனிதனுக்கு 48 அல்ல, 46 என்றே தெரிந்தது.

நாயின் 38 ஜோடிகளிலும், கயிறு பற்றி இழுக்கும் இடுப்புமுடிச்சு (சென்ட்ரோமியர்) ஒரு முனையிலேயே இருக்கும். எக்ஸும் ஒய்யும் மட்டும் இருபக்கமும் கை நீட்டி நிற்கும். சில நாய்களில் வேறிரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டு, எண்ணிக்கை 77 ஆகிவிடும். மரபுச் சரக்கு குறையாததால் நாய் திடமாகவே இருக்கும். ஆனால் அதன் கருமுட்டையிலோ விந்திலோ பங்கு பிசகுவதுண்டு. அப்படி உருவான கரு வயிற்றிலேயே கரைந்துவிடும். வெளியே தெரிவது குட்டி குறைவு மட்டும்தான். ஒரே வம்சத்துக்குள் மாற்றி மாற்றிச் சேர்க்கும்போது இந்த ஒட்டு கிடைக்குக் கிடை பரவும்.

கோம்பை ஊர் இருக்கும் தேனி மாவட்டத்திலேயே, வீரபாண்டியில், கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாட்டு நாய் அழிகிறதே என்று மேடையில் வருந்தும் அரசு, இனவிருத்திக்கு விடும் ஒவ்வொரு கோம்பைக்கும் இந்தச் சோதனையை இலவசமாகச் செய்து தர வேண்டும் என்பேன்.

கீதாரிக்கு ஒன்று சொன்னேன்: கண்ணேறு கழிக்க எலுமிச்சை வாங்கும் முன், இணைசேர்த்த கடுவனையும் கூட்டி வாருங்கள். ஒட்டு அதனிடமும் இருக்கலாம்.